மெழுகுதிரி இல்லாமல் ஒளிபரப்பான பாடம்

தொலைக்காட்சிப் பெட்டியை, என்னோடு படிப்பிக்கிற டொரத்தி மிஸ் தன் மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் இருந்தார். பக்கத்தில் நான் ஓரமாக ஒடுங்கியிருந்தேன். பெட்டியின் கண்ணாடி வெளிப்பக்கம் பார்த்திருந்தது. சைக்கிளில் எங்களைக் கடந்து போனவர்கள் எங்களைப் பார்க்கவில்லை. அதில் தெரிந்த தங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

"இது எண்ட அண்ணாட பெட்டி. ஒரு கீறல் விழுந்தாலும் என்னை வீட்டுக்குள்ள எடுக்க மாட்டான்" என்று வழிநெடுக சொல்லிக்கொண்டு வந்தார் டொரத்தி மிஸ்.

வாவிக்கு மேற்கே, சுனாமியில் வீடிழந்தவர்களுக்காகத் தகரக் கொட்டில்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு பொது மண்டபம். அதற்கு மட்டும்தான் மின்சாரம். பெட்டியை மேசையில் வைத்ததும் புவனேஸ்வரி வந்து, சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

"தூசி இல்ல புவனம்" என்றேன்.

"இருந்தாலும் துடைப்பம், டீச்சர்."

கூரையில் ஒருவர் ஏறி அன்ரனாவைத் திருப்பினார். கீழே நின்றவர்கள், "வருது... இப்ப புள்ளி புள்ளியா வருது... போயிற்று" என்று குரல் கொடுத்தார்கள். பெண்கள் பாய் கொண்டுவந்து விரித்தார்கள். தகரம் சூடேறும் வாசனை மண்டபம் முழுக்க இருந்தது.

அன்று ஒளிபரப்பாக இருந்தது எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் பங்குபற்றிய கணித பாடம். அதில் பேசிய பிள்ளைகளில் சிலரைக் கடல் கொண்டுபோயிருந்தது. புவனேஸ்வரியின் மகள் நிலானி அவர்களில் ஒருத்தி.

பூட்டிய அலுமாரிக்குள் ஒரு பெட்டி

கல்வித் தொலைக்காட்சி என்றாலே எங்கள் பக்கத்து ஆசிரியர்களுக்கு அந்தக் காலத்தில் கொஞ்சம் நக்கல்தான். எங்கள் பாடசாலைக்கும் ஒரு பெட்டி கிடைத்திருந்தது. அதிபர் அதை இரும்பு அலுமாரிக்குள் பூட்டி வைத்திருந்தார். கேட்டால், "மின்சாரம் இருக்கிற நாளில் பார்ப்போம்" என்பார். மின்சாரம் இருந்த நாளில் அலுமாரித் திறப்பு அவருடைய வீட்டில் இருக்கும்.

நான் சிறுமியாக இருந்தபோது வானொலிதான். வகுப்பு மேசையில் ஒரு ட்ரான்சிஸ்டர். பற்றரி இறங்கிவிட்டால் அதைக் கழற்றி யன்னல் கட்டில் வெயிலில் காய வைப்பார்கள். பாடம் தொடங்கும்போது எங்களில் பாதிப் பேர் பற்றரி காய்வதைத்தான் கவனித்துக்கொண்டிருப்போம். யாரோ ஒருவர் கொழும்பிலிருந்து சுத்தமான தமிழில் எங்களுக்கு ஏரி என்றால் என்ன என்று விளக்குவார். பாடசாலைக்குப் பின்னால் கிடந்த வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். ஏரியை நாங்கள் பரீட்சையில் மட்டும்தான் கண்டோம்.

அதனால், சுனாமிக்கு முந்திய சில மாதங்களில், மூன்றாந் தவணையில், "கிழக்கிலிருந்து ஒரு பாடம் எடுக்கப் போகிறோம், உங்கள் பிள்ளைகளே பேசட்டும்" என்று தயாரிப்பாளர் சிவகுரு கொழும்பிலிருந்து வந்து நின்றபோது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, நம்பிக்கையில்லாமலும் இருந்தது. ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் சேர்த்தே செய்கிற நிகழ்ச்சி, வீட்டில் பிள்ளையோடு என்ன செய்து பார்க்கலாம் என்று கடைசியில் சொல்லுவோம் என்றார். நல்ல மனிதர். வந்த அன்றே வெயிலில் மூக்குச் சிவந்துவிட்டது அவருக்கு.

"அவட கை பிழை"

எங்கள் பாடசாலை கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணல் திட்டில் இருந்தது. வகுப்பறைக்குள் வெளிச்சம் காணாது என்று பூவரச மரத்தின் கீழே மேசையைப் போட்டோம். பாடம் இதுதான்: ஒரே மேசையைச் சாண் போட்டு அளந்தால் ஆளுக்கு ஒரு விடை வரும். அப்படியானால் எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவு வேண்டும். அதிலிருந்து மீற்றருக்குப் போவது.

பிள்ளைகள் எழுத்துத் தமிழில் பேச வேண்டும் என்றார் சிவகுரு. ஒரு கிழமையாகப் பழக்கினேன். "எனது கையால் அளந்தபோது பதினொரு சாண் வந்தது, ஆசிரியை அவர்களே" என்று நிலானி கண்ணை மூடிக்கொண்டு ஒப்புவிப்பாள். வகுப்பில் ஆகச் சின்னப் பிள்ளை அவள்தான். ஷர்மிளா அவளைவிட ஒரு தலை உயரம். இருவரும் ஒரே வாங்கில் இருப்பவர்கள், ஒரே தண்ணீர்ப் போத்தலில் குடிப்பவர்கள்.

கமெரா ஓடத் தொடங்கியது. ஷர்மிளா அளந்தாள். ஒன்பது. நிலானி அளந்தாள். பதினொன்று.

"எது சரி?" என்று நான் கேட்டேன். "இரண்டும் சரி, கைகள் வேறு வேறு" என்பதுதான் பழக்கிய விடை.

நிலானி மேசையைப் பார்த்தாள். ஷர்மிளாவைப் பார்த்தாள். பழக்கியதெல்லாம் காற்றில் போய்விட்டது.

"மேசை ஒண்டுதானே டீச்சர். எண்டதுதான் சரி. அவட கை பிழை."

"எண்ட கை எப்படிப் பிழைக்கும்?" என்று ஷர்மிளா திருப்பினாள். அவளும் எழுத்துத் தமிழை மறந்துவிட்டாள்.

கமெராக்காரர் சிரித்ததில் படம் ஆடியது. சிவகுரு நிறுத்தச் சொல்வார் என்று அவரைப் பார்த்தேன். அவர் கையால், விடுங்கள், விடுங்கள் என்று காட்டினார்.

இரண்டு பேரும் உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்துப் பார்த்தார்கள். ஷர்மிளாவின் விரல்கள் மேலே நீட்டிக்கொண்டு நின்றன. நிலானி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு என் கையைப் பிடித்து விரித்துப் பார்த்துவிட்டு, முழுப் பாடத்தையும் தானே முடித்து வைத்தாள்.

"அப்ப துணி வாங்கக்குள்ள நீங்க அளங்க டீச்சர். விக்கக்குள்ள நான் அளக்கிறன்."

பயிற்சிக் கலாசாலையில் எனக்கு இதை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லித் தரவில்லை. வருகிற ஆண்டு முதலாந் தவணையில் ஒளிபரப்பு என்று சொல்லிவிட்டு, மூக்குத் தோல் உரிய சிவகுரு கொழும்புக்குப் போனார்.

கேட்கப் போன இடம்

கடல் வந்த நாளைப் பற்றி இந்தத் தொடரில் ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். திரும்ப எழுதவில்லை. பாடசாலையில் கூரையும் இரண்டு சுவர்களும் மிஞ்சின. டொரத்தி மிஸ்ஸின் வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும் இருந்தது. அவர் அன்று காலைப் பூசைக்கு நகரத்துக்குப் போயிருந்ததால் தப்பினார்.

சில வாரங்களில் சிவகுரு தொலைபேசியில் பேசினார். நாடா கையில் இருக்கிறது, அழிக்கவும் மனமில்லை, போடவும் பயமாக இருக்கிறது, பெற்றோரைக் கேட்டுச் சொல்லுங்கள் என்றார். நானும் டொரத்தி மிஸ்ஸும் புறப்பட்டோம். வாழ்க்கையில் பல வேலைகளுக்காகப் பெற்றோரைத் தேடிப் போயிருக்கிறேன். அப்படி ஒரு கேள்வியோடு போனது அந்த ஒரு முறைதான்.

பிள்ளைகளை இழந்த மற்றக் குடும்பங்கள் நாங்கள் பயந்த அளவுக்கு யோசிக்கவில்லை. "போடுங்க டீச்சர், பார்க்கவேணும்" என்றார்கள். நிலானியின் வீட்டில்தான் இரண்டு பதில் வந்தது.

"என்னட்ட அவட படம் ஒண்டும் இல்ல" என்றார் புவனேஸ்வரி. "முகம் மறந்துபோகும் எண்டு பயமாக் கிடக்கு. நடக்கிறது, பேசுறது எல்லாம் அதில இருக்கும்தானே?"

"இருக்கும், புவனம்."

நிலானியின் அப்பா தங்கராசா வாசலில் குந்தியிருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அதுவரை கடலில் தொழில் செய்தவர். அதன் பிறகு கடல் பக்கமே போகவில்லை. ஆற்றில் இறாலுக்கு வலை வீசிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் சொன்னார்.

"அவட அம்மா பார்க்கிறதுக்கு ஒரு கொப்பி எடுத்துத் தாங்க. ஊர் பார்க்கத் தேவையில்ல. நாளைக்கு நான் சந்தைக்கு மீன் கொண்டுபோனா, 'உன்ட மகளைக் கண்டன், பாவம்' எண்டு ஆளாளுக்கு வந்து சொல்லுவாங்க. என்னால ஏலா டீச்சர்."

அது நியாயமில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. புவனேஸ்வரிக்கு ஒரு பிரதி கிடைத்தால் போதும், பாடம் வெளியில் போகத் தேவையில்லை என்று எனக்கே தோன்றியது. திரும்பி வரும்போது டொரத்தி மிஸ்ஸும் அதற்கு ஒத்துக்கொண்டார்.

ஷர்மிளா வந்தாள்

அடுத்த கிழமை, பாடம் ஒளிபரப்பாகாது, பிரதி மட்டும் வரும் என்று சொல்வதற்காகத் திரும்பப் போனோம். நாங்கள் தங்கராசாவோடு பேசிக்கொண்டிருக்கும்போது அடுத்த வரிசைக் கொட்டிலிலிருந்து ஷர்மிளா வந்தாள். அவளும் அவளுடைய அம்மாவும் தப்பியிருந்தார்கள். யாரோ கொடுத்த பெரிய ஆளின் சட்டையைக் கையை மடித்துவிட்டுப் போட்டிருந்தாள். என்னைக் கவனிக்காமல் நேரே தங்கராசாவின் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, எங்கட பாடத்தை ரீவியில போட வேணாம் எண்டீங்களாம்."

"ஆரு சொன்ன?"

"அம்மா. அதில நிலானி மட்டுமா வாறா? நானும்தானே வாறன். நானும் அவளும்தான் சண்டை பிடிக்கிற."

தங்கராசா வலையைக் கீழே வைத்தார். "என்ன சண்டை புள்ள?"

அந்த நேரம்தான் எனக்கு உறைத்தது. அந்தப் பாடத்தில் மகள் என்ன பேசினாள் என்று அவருக்குத் தெரியாது. போடலாமா, வேண்டாமா என்று கேட்டோமே தவிர, அதில் என்ன இருக்கிறது என்று நாங்கள் ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை.

ஷர்மிளா அவர் முன்னால் கிடந்த பலகையில் சாண் போட்டுக் காட்டினாள். முதலில் தன்னுடைய கையால். பிறகு, விரல்களைக் குறுக்கி, நிலானியின் கையால். எல்லாவற்றையும் சொன்னாள். மேசை ஒன்றுதானே என்றது, கை பிழை என்றது, கமெராக்காரர் சிரித்தது, "விக்கக்குள்ள நான் அளக்கிறன்" என்றது.

தங்கராசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. உள்ளே அடுப்படியில் நின்ற புவனேஸ்வரி கையில் அகப்பையோடு வெளியே வந்து அவரைப் பார்த்தார்.

"இது கயிறு வாங்குற கதை" என்றார் அவர், மனைவியைப் பார்த்து. "கயிறு வாங்கப் போனா கடைக்காரனை அளக்க விடமாட்டன். நானே ரெண்டு கையையும் விரிச்சுப் பாகம் போட்டு அளப்பன். எண்ட கை நீளம்தானே. அவ பக்கத்தில நிண்டு பார்த்துக்கொண்டிருப்பா. அதைக் கொண்டுபோய் டீச்சருக்குச் சொல்லியிருக்கா."

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஷர்மிளா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள், பதில் வாங்காமல் போவதில்லை என்பதுபோல.

"போடுங்க டீச்சர்" என்றார் தங்கராசா. "ஆனா ஒண்டு. செத்துப்போன புள்ளைகள் எண்டு அதில ஒண்டும் காட்டக்கூடாது. மெழுகுதிரி கொளுத்துறது, பூ வைக்கிறது, அழுகிற பாட்டு, ஒண்டும் வேணாம். எல்லாரும் எங்களுக்கு அதைத்தான் காட்டுறாங்க. அவ பாடம் சொல்லப் போனவ. பாடம் சொல்லட்டும்."

கொழும்போடு ஒரு வழக்கு

மெழுகுதிரியைத் தங்கராசா எப்படி முன்கூட்டியே அறிந்தார் என்பது எனக்குத் தெரியாது. ஏனென்றால், அன்று பின்னேரம் சிவகுருவுடன் பேசியபோது அவர் முதலில் சொன்னது அதைத்தான்.

"டீச்சர், ஆரம்பத்தில் ஒரு மெழுகுதிரி எரியுறதைப்போல செய்து வைத்திருக்கிறம். பிள்ளைகளின் பெயர், பின்னால ஒரு வயலின். பார்த்தா நீங்களே அழுதுவிடுவீங்க."

"அதுதான் சேர் வேண்டாம் என்கிறார்கள்."

"பார்க்கிறவங்களுக்குத் தெரிய வேணாமா? மரியாதைக் குறைவா இருக்காதா?"

அவரில் பிழையில்லை. அந்த நாட்களில் நாங்கள் எல்லோரும் என்ன செய்வதென்று தெரியாமல் மெழுகுதிரிதான் கொளுத்தினோம். நான் தங்கராசா சொன்னதை அவர் சொன்னபடியே சொன்னேன்.

"மேல உள்ளவங்க கேட்டா நான் என்ன சொல்றது?" என்றார் சிவகுரு.

"நான்காம் வகுப்புக் கணிதம் என்று சொல்லுங்கோ."

நான் பேசிய கடையில் தொலைபேசிக்கு நிமிடக் கணக்கில் காசு ஏறிக்கொண்டிருந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்தார். மறுபக்கத்தில் நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. "சரி. வெட்டிவிடுறன்" என்றார். வெட்டியும் விட்டார். பல ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த மனிதரை நான் மரியாதையோடு நினைப்பதற்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

அந்தக் காலை

மண்டபத்துக்குத் திரும்பி வருகிறேன். கூரையில் நின்றவருக்குக் கடைசியில் சரியான திசை கிடைத்தது. படம் நின்றது. பூவரச மரம் தெரிந்தது. மேசை தெரிந்தது. "எங்கட பள்ளிக்கூடம்" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். அந்த மரம் அப்போது இல்லை.

நான் புவனேஸ்வரியின் பக்கத்தில் இருந்தேன். அவர் மயங்கி விழுந்தால் பிடிப்பதற்காக ஒரு கையை ஆயத்தமாக வைத்திருந்தேன். நிலானி திரையில் வந்தாள். புவனேஸ்வரி முன்னுக்குக் குனிந்தார்.

"ரிப்பன் எங்க?" என்றார். "டீச்சர், பாருங்க. நான் ரெட்டைப் பின்னல் போட்டுத்தானே அனுப்பின. அவுத்துப்போட்டு ஒத்தைப் பின்னலோட நிக்கிறா. ரீவிக்காரர் வாற நாளையில."

அதோடு மண்டபம் முழுக்கப் பேசத் தொடங்கியது. "எண்டவனைப் பாரு, மூக்குக்குள்ள விரல்" என்றார் ஒரு தாய். "நேரா நில்லு மனே" என்று இன்னொருவர் திரையைப் பார்த்து அதட்டினார். அந்தப் பிள்ளை நேராகத்தான் நின்றான். இருக்கிற பிள்ளைகளையும் இல்லாத பிள்ளைகளையும் ஒரே மாதிரி ஏசினார்கள். டொரத்தி மிஸ் அண்ணனின் பெட்டியைப் பற்றிய கவலையை மறந்து, "ச்சூ, ஆக்களே, பாடத்தைக் கேளுங்க" என்று வகுப்பறைக் குரலில் அடக்கிப் பார்த்தார். யாரும் அடங்கவில்லை.

"அவட கை பிழை" என்று நிலானி சொன்னபோது எழுந்த சிரிப்பில் தகரம் அதிர்ந்ததாக இன்றைக்கும் சொல்வேன். ஷர்மிளா எழுந்து நின்று, "கேட்டீங்களா? இப்பிடித்தான் சொன்னவ" என்று எல்லோருக்கும் முறையிட்டாள்.

தங்கராசா ஆற்றிலிருந்து நேரே வந்திருந்தார். இடுப்புச் சாரம் நனைந்திருந்தது. கதவுக்கருகே நின்று பார்த்தார். மகள் கடைசி வசனத்தைச் சொன்னதும் பக்கத்தில் நின்றவரிடம், "அது நான் சொல்லிக் குடுத்தது" என்றார்.

அழுகையும் வந்தது, வராமலா இருக்கும். பாடம் முடிந்து பெட்டியை நிறுத்திய பிறகு வந்தது. ஆனால் அதற்குப் பிறகும் ஒருவரும் எழுந்து போகவில்லை. ஒவ்வொருவரும் தங்கள் பிள்ளை செய்த குழப்படிகளைச் சொல்லத் தொடங்கினார்கள். மூலையில் யாரோ தேத்தண்ணி ஊற்றினார்கள். அந்த வருடத்தில் எனக்கு மனம் நிறைந்த பொழுது எது என்று கேட்டால் அந்தக் காலையைத்தான் சொல்வேன்.

வெல்லாவெளியில் ஒரு கேள்வி

அந்தப் பாடத்தை ஆண்டுதோறும் போட்டார்கள். பிறகு இறுவட்டில் பதிந்து பாடசாலைகளுக்கும் கொடுத்தார்கள். இடையில் சண்டை, இடம்பெயர்வு, வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைச் சனம் சட்டி பானையோடு இந்தக் கரைக்கு வந்தது, திரும்பிப் போனது என்று எத்தனையோ நடந்தது. போர் முடிந்த அடுத்த வருடம் நான் ஆசிரிய ஆலோசகராக அந்தப் பக்கத்துப் பாடசாலைகளுக்குப் போய்வரத் தொடங்கினேன். களுவாஞ்சிக்குடியிலிருந்து காலையில் புறப்பட்டால் வயல்களுக்கு நடுவே நல்ல பயணம்.

ஒரு நாள் வெல்லாவெளிப் பக்கத்தில் ஒரு நான்காம் வகுப்பு. சுவரில் புதுச் சுண்ணாம்பு வாசனை. முதல் நியமனத்தில் வந்த இளம் ஆசிரியை ஒருவர் அந்த வட்டைப் போட்டுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நான் பின் வாங்கில் இருந்தேன். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முடிந்ததும் தங்கள் மேசைகளைச் சாண் போட்டு அளந்து, ஒருவர் கையை ஒருவர் பிழை என்று சொல்லி, ஒரே அமளி.

திரையில் தெரிந்த டீச்சர் நான்தான் என்று அந்த ஆசிரியை கண்டுகொண்டார். கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு என்னிடம் வந்து கேட்டார்.

"மிஸ், அந்தக் கெட்டிக்காரப் புள்ள இப்ப எங்க படிக்கிறா?"

பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். "கடற்கரைப் பக்கத்துப் பிள்ளை" என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தங்கராசாவின் கைத்தொலைபேசிக்கு அழைத்தேன். சொல்லலாமா என்று பஸ்ஸில் முழுக்க யோசித்திருந்தேன். சொன்னேன்.

மறுபக்கத்தில் வாடைக் காற்றின் சத்தம். திரும்பவும் கடலில் தொழிலுக்குப் போகத் தொடங்கியிருந்தார். கரையில் நின்றிருக்க வேண்டும்.

"எங்க படிக்கிறா எண்டா கேட்டாங்க?"

"ஓம், தங்கராசா."

"கெட்டிக்காரப் புள்ள எண்டு சொன்னாங்களா?"

"அப்படித்தான் சொன்னார்."

"இந்த வருசம் பத்தாம் வகுப்பில இருப்பா" என்றார். அவருடைய குரலில் கலக்கம் இல்லை. ஓர் அப்பா தன் மகளின் வகுப்பைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். பிறகு, வகுப்பு எப்படி, பிள்ளைகள் சிரித்தார்களா, எந்த இடத்தில் சிரித்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"பொறுங்க டீச்சர். வீட்டுக்கு நடந்துபோய் அவட அம்மாட்டக் குடுக்கிறன். முதல்ல இருந்து சொல்லுங்க, ஒண்டும் விடாம."

அவர் மணலில் நடப்பது கேட்டது. நான் காத்திருந்தேன். புவனேஸ்வரியின் குரல் வந்ததும், காலையில் களுவாஞ்சிக்குடியில் பஸ் ஏறியதிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.